மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டிய நாள்கள்

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து, மெட்ஃபார்மின் தொடங்கிய வாரத்திலேயே அக்கறையுள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து சொன்னது ஒன்றுதான்: "அந்த மாத்திரையைப் போடாதே, கிட்னியைத் தின்னுடும்." யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் சுகர் மாத்திரை சாப்பிட்டதையும், பிறகு டயாலிசிஸ் வரை போனதையும் கண்ணால் கண்டவர்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கட்டுக்குள் வராத சர்க்கரையும் கூடவே வரும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தை அரிக்கின்றன என்பதை அவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. இந்தப் பயத்தாலேயே மாத்திரையைப் பாதியில் விட்டு, சர்க்கரையை ஏறவிட்டு, எதற்குப் பயந்தார்களோ அதிலேயே போய் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் உடம்பை விட்டு வெளியேற அது சிறுநீரகத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. பல மருந்துகளைக் கல்லீரல் உடைத்து வேறு பொருளாக்கி அனுப்பும். இதற்கு அந்த வழி கிடையாது. விழுங்கிய மருந்து எப்படி ரத்தத்தில் கலந்ததோ அப்படியே சிறுநீரில் போகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தத்தில் கலந்ததில் ஏறக்குறைய 90 சதவீதம் ஒரே நாளில் வெளியேறிவிடும். வடிகால் ஓடுகிறவரை மழைத் தண்ணீர் முற்றத்தில் நிற்காது. வடிகால் அடைத்தால் சாதாரண மழைக்கே வாசற்படி நனையும். இந்த மாத்திரையின் பாதுகாப்பு முழுக்க அந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. பல ஆண்டுகளாக இதைச் சாப்பிட்டு வருகிறவள் என்ற முறையிலும், அம்மாவின் மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையிலும் சொல்கிறேன்: தினமும் மறக்காமல் போடுவது பாதி. எந்த நாளில் போடக் கூடாது என்று தெரிந்துவைத்திருப்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றி யாரும் நம்மிடம் விரிவாகப் பேசுவதில்லை.

பயத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. மெட்ஃபார்மினை மனிதர்களின் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 1957இல் வெளியிட்டவர் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் என்ற இன்னொரு மருந்தும் அக்காலத்தில் புழக்கத்தில் இருந்தது. அது சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றியதால் 1970களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. உடன்பிறப்பின் கெட்ட பெயர் மெட்ஃபார்மின் மேலும் படிந்தது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைக்கவே 1994 ஆகிவிட்டது. பிறகு 1998இல் பிரிட்டனின் நீண்டகால ஆய்வு ஒன்றின் முடிவுகள் வந்தன. உடல் எடை அதிகமுள்ள சர்க்கரை நோயாளிகளில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும், சர்க்கரை நோய் சார்ந்த இறப்பும் குறைந்திருந்ததை அது காட்டியது. அதற்குப் பிறகுதான் உலகெங்கும் இது முதல் மாத்திரையானது. லாக்டிக் அமில ஆபத்து மெட்ஃபார்மினுக்கும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மிக அரிது. வந்தால் உயிருக்கே ஆபத்து. வருவதும் பெரும்பாலும் சிறுநீரகம் திடீரென்று சுணங்கிய நாள்களில், இதயமோ நுரையீரலோ தடுமாறி உடம்புக்கு ஆக்ஸிஜன் குறைந்த நாள்களில், கடுமையான கிருமித் தொற்று ஏற்பட்ட நாள்களில்.

தொடக்க வாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். குமட்டல், வயிற்றுப் பொருமல், பேதி, வாயில் உலோகத்தை வைத்தாற்போல ஒரு சுவை. எனக்கு எல்லாமே வந்தன. என் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயம் இல்லை. 500 மில்லிகிராமில் தொடங்கி, வயிறு பழகப் பழக வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றினார். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த கையோடோ போடச் சொன்னார். அதற்கும் அடங்கவில்லை என்றபோது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார். வயிறு அமைதியானது. அந்த வகையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு வீட்டிலேயே பாதியாக ஒடித்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கொடுப்பதைவிட மருத்துவரிடம் சொல்லிச் சாதாரண வகையோ திரவ வடிவமோ கேட்டு வாங்குவது மேல். சில நாள் மலத்தில் மாத்திரை முழுசாக வந்தது போலத் தெரியும். அது வெறும் கூடு. மருந்து உள்ளே இறங்கிவிட்டது. மருந்து சேரவில்லையோ என்று நினைத்து இன்னொன்றைப் போட வேண்டாம்.

இனி சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் எண். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியாட்டினின் என்று ஒன்று வரும். பக்கத்திலேயே இயல்பு அளவும் அச்சாகியிருக்கும். அதற்குள் இருந்தால் 'கிட்னி நார்மல்' என்று நாம் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். என் மருத்துவர் என்னை அங்கே நிறுத்தினார். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் சுணங்கினால் ரத்தத்தில் ஏறும். தசை குறைந்த உடம்பில் அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் சிறுநீரகம் பாதியாகச் சுணங்கியிருந்தாலும் எண் பார்வைக்கு நன்றாக இருக்கலாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட இஜிஎஃப்ஆர் என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அது காட்டும்; குறையக் குறைய சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். கிரியாட்டினின் 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வயது ஆணுக்கு இஜிஎஃப்ஆர் 80க்கு மேல் வரும். அதே 1.2 ஒரு 75 வயதுப் பெண்ணுக்கு என்றால் 50க்குக் கீழே வந்துவிடும். ஒருவருக்குக் கவலையே இல்லை. மற்றவருக்கு மருந்தளவைப் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

இஜிஎஃப்ஆர் 45க்கு மேல் இருக்கிறவரை மெட்ஃபார்மின் பொதுவாகத் தொடரலாம். 45க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டத்தில் தருவதில்லை. 30க்குக் கீழே போனால் நிறுத்தியாக வேண்டும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2016இல், கிரியாட்டினினை வைத்து முடிவெடுப்பதை விட்டு இந்த எண்ணை வைத்து முடிவெடுக்கும்படி வழிகாட்டுதலை மாற்றியது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதைப் பார்த்தால் போதும். எண் 60க்குக் கீழே வந்தவர்களும் வயதானவர்களும் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு அறிக்கையிலும் அந்த எண்ணைத் தனியாக ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கிறேன். ஒரு தனி எண் சொல்லாததை வரிசையாக இருக்கும் எண்கள் சொல்லும். 82, 79, 80 என்று இருந்தால் நிம்மதி. 70, 61, 52 என்று படியிறங்கினால், 'இன்னும் 45க்கு மேல்தானே' என்று ஆறுதல் தேட வேண்டாம். மருத்துவரிடம் அந்தச் சரிவைக் காட்டுங்கள்.

நிறுத்திவைக்க வேண்டிய நாள்களுக்கு வருகிறேன்.

முதலாவது, உடம்பு வற்றும் நாள்கள். கடும் வயிற்றுப்போக்கு, நிற்காத வாந்தி, எதையும் உள்ளே இறக்க முடியாத காய்ச்சல். உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும்; முந்தைய நாள்வரை நன்றாக இருந்த சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே சுணங்கிவிடும். அந்த நேரத்தில் மெட்ஃபார்மினை வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருந்தால் வெளியேற வழியில்லாமல் சேரும். எனக்கு வயிற்றுத் தொற்று வந்து படுத்தபோது இது கைகொடுத்தது. நோய் வராத நல்ல நாளிலேயே மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: வாந்தியோ பேதியோ நின்றபாடில்லை என்றால் மெட்ஃபார்மினை நிறுத்தவும், இயல்பாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆனதும் மறுபடி தொடங்கவும். காய்ச்சலில் தலை சுற்றிக் கிடக்கும்போது யோசிக்க முடியாது. தாள் இருந்ததால் வீட்டில் இருப்பவர்களுக்கும் குழப்பம் இல்லை. உங்களிடம் அப்படி ஒரு தாள் இல்லையென்றால், நன்றாக இருக்கும் இந்த நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்தத் தாளில் மெட்ஃபார்மின் மட்டும் இல்லை, மற்ற மருந்துகளும் இருந்தன. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் 'பிரில்' என்று முடியும் மாத்திரைகள், 'சார்டான்' என்று முடியும் மாத்திரைகள், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். உடம்பு வற்றியிருக்கும்போது இவை ஒவ்வொன்றும் சிறுநீரகத்தின் மேல் கூடுதல் சுமை. இதில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதய நோயாளிகள் தாங்களாகவே எதையும் நிறுத்தக் கூடாது. வலி மாத்திரையை மட்டும் காய்ச்சலோடு பேதியும் இருக்கும்போது மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்வேன். 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் புதிய சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வகை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது. பட்டினியாக, நீர் வற்றிக் கிடக்கும்போது அதைத் தொடர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். அப்போது மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. 'சுகர் நார்மலாகத்தானே இருக்கிறது' என்று ஏமாறும் இடம் இது. இன்சுலின் போடுபவர்கள் நோய் நாளிலும் தாங்களாக இன்சுலினை நிறுத்தக் கூடாது. காய்ச்சலில் ஒன்றும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும்; ஆகவே வழக்கத்தைவிட அடிக்கடி மீட்டரில் பார்க்க வேண்டும்.

உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் கரைசலைக் குடிக்கச் சர்க்கரை நோயாளிகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். அதில் உள்ள குளுக்கோஸ் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம்தான். குடல் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச அந்தக் குளுக்கோஸ் தேவை. அந்த நேரத்தில் உடம்பு வற்றுவதுதான் பெரிய ஆபத்து.

வாந்தி அடங்காமல், மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கி, தசையெல்லாம் வலித்து, தூக்கம் சொக்கினால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் முதலில் மெட்ஃபார்மின் எடுப்பதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேன். சிடி ஸ்கேனிலும் ஆஞ்சியோகிராமிலும் அயோடின் கலந்த சாயத்தை ரத்தத்தில் செலுத்துவார்கள். அது சிலருக்குச் சிறுநீரகத்தைத் தற்காலிகமாகச் சுணங்க வைக்கலாம். சாயம் மெட்ஃபார்மினோடு சண்டை போடுவதில்லை. மறுபடியும் அதே வெளியேறும் வழிப் பிரச்சினைதான். சிறுநீரகம் நல்ல நிலையில் இருப்பவர்களுக்குக் கையில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றும் ஸ்கேனுக்கு மாத்திரையை நிறுத்த வேண்டியதே இராது. எண் குறைந்தவர்களுக்கு, கல்லீரல் நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவர்களுக்கு, தமனி வழியாகச் சாயம் செலுத்தப்படுபவர்களுக்கு ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தை மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த படிவத்தில் ஒவ்வாமையைப் பற்றிக் கேள்வி இருந்தது, மெட்ஃபார்மினைப் பற்றி இல்லை. நானாகத்தான் சொன்னேன். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பட்டினி இருக்கச் சொல்லும்போதும் அப்படியே. 'கிளிஃப்ளோசின்' வகையைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். எர்டுகிளிஃப்ளோசினை 4 நாள் முன்பே. அறுவைக்கு முந்தைய இரவு சொன்னால் காலம் கடந்துவிடும்.

அம்மாவின் கதை வேறு வகை. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. அது கல்லீரல் அளவுக்கு மீறிக் குளுக்கோஸ் விடுவதைக் குறைக்கிறது. கணையத்தைப் பிழிந்து இன்சுலின் சுரக்க வைப்பதில்லை. கிளிமெபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்து அப்படியில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைச் சுரக்கச் சொல்லும். இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பார்கள். அம்மா அப்படி ஒன்றைத்தான் எடுத்துவந்தார். வேறு ஒரு தொந்தரவுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்து திரும்பியபோது, அங்கே எழுதிய சீட்டிலும் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை இருந்தது. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்துகள் அதே இரண்டு. பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. அம்மா இரண்டையும் போட்டார். கூடவே தொற்றுக்காக ஒரு ஆன்டிபயாட்டிக். லெவோஃப்ளோக்சசின் போன்ற சில வகைகளும், சல்ஃபா கலந்த கோட்ரைமாக்சசோலும் கிளிமெபிரைடு எடுப்பவர்களுக்குச் சர்க்கரையை இன்னும் தாழ்த்தக்கூடியவை.

மதியம் நான் போனபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி ஓடியும் ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. "என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல, கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்றார். பிறகு என் பெயருக்குப் பதில் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கை நடுக்கம் இல்லை, படபடப்பும் இல்லை. அவர் ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் எடுப்பவர். அந்த வகை மருந்து நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. இது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால் நேராக மீட்டரை எடுத்தேன். 48. சர்க்கரை 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே என்றால் தாமதமே கூடாது.

குளுக்கோஸ் பொடியில் ஏறக்குறைய 15 கிராமைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். தேக்கரண்டியால் அளந்தால் மூன்று, நான்கு கரண்டி வரும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்தபோது 61. இன்னொரு முறை கொடுத்தேன். 90ஐத் தாண்டியதும் சாப்பாடு கொடுத்தேன். இந்த இடத்தில்தான் பலர் 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறார்கள். குளுக்கோஸ் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். கிளிமெபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் நீளும். மருத்துவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். உடனே கூட்டிவரச் சொல்லி இரவு முழுக்க மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். நினைத்தபடியே இரவில் சர்க்கரை மறுபடி இறங்கியது. வீட்டில் இருந்திருந்தால் அது தூக்கத்தில் நடந்திருக்கும்.

இதிலிருந்து வீட்டில் உள்ள எல்லோருக்கும் நான் சொல்லிவைத்தவை சில உண்டு. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தாழ்சர்க்கரைக்குச் சாக்லேட் உதவாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சாதாரண வெள்ளைச் சர்க்கரை கொடுத்தாலும் சீக்கிரம் ஏறாது. அந்த மருந்துகள் குடலில் சர்க்கரை உடைவதையே தடுப்பவை, அவர்களுக்கு நேரடியாகக் குளுக்கோஸ்தான் வேண்டும். வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ வயதின் மேல் பழியைப் போடும் முன் மீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பாருங்கள். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரைப் படிப்பதோடு நிறுத்தாமல், அதற்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். புதிய சீட்டு வரும்போதெல்லாம் பழைய அட்டைகளைப் பக்கத்தில் வைத்து அந்தப் பொடி எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்துக்கடையில் 'அதே மருந்துதான், வேறு கம்பெனி' என்று மாற்றித் தந்தால் பழைய அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அம்மாவின் மருத்துவர் பிறகு கிளிமெபிரைடையே எடுத்துவிட்டு, தாழ்சர்க்கரை எளிதில் வராத வேறு வகைக்கு மாற்றினார். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அம்மாவுக்கு 7க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் தளர்த்தி, 8 வரை பரவாயில்லை என்றார். முதலில் எனக்கு அது கைவிடுவது போலத் தோன்றியது. அவர் விளக்கியதும் புரிந்தது: அந்த வயதில், தனியாக நடமாடுகிறவருக்கு, ஒரே ஒரு தாழ்சர்க்கரை ஒரு விழுகையாகலாம், விழுகை இடுப்பு எலும்பு முறிவாகலாம். இளையவர்களுக்கு வைக்கும் இலக்கை முதியவர்கள் மேல் ஏற்றுவது பாதுகாப்பு ஆகாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். எண்ணைத் துரத்தும் பிள்ளைகள் இதை ஒருமுறை பெற்றோரின் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மெட்ஃபார்மின் சத்தமில்லாமல் செய்யும் ஒரு வேலை உண்டு: வைட்டமின் பி12 குடலில் சேர்வதைக் குறைப்பது. கல்லீரலில் அந்த வைட்டமின் ஆண்டுக்கணக்கில் இருப்பு இருக்கும் என்பதால் குறைபாடு உடனே தெரியாது. எனக்கும் பல ஆண்டு கழித்துத்தான் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல் தொடங்கியது. சுற்றியிருந்த எல்லோரும், 'சுகர்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும், நரம்பு' என்றார்கள். சர்க்கரையால் வரும் நரம்புச் சேதமும் பி12 குறைவால் வருவதும் தொடக்கத்தில் ஒன்று போலவே இருக்கும். ஒரு வித்தியாசம், பி12 குறைவைத் திருத்த முடியும். தாமதித்தால் அந்தச் சேதமும் நிலைத்துவிடும். பரிசோதித்தபோது எனக்கு அளவு மிகக் குறைந்திருந்தது. ஊசியும் பிறகு மாத்திரையுமாகக் கொடுத்தார்கள். ஊர்வது மெல்ல அடங்கியது. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல், பான்டப்ரசோல் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பவர்கள், வயதானவர்கள், சைவ உணவு மட்டும் உண்பவர்கள், அதிக அளவில் நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் இதை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பரிசோதனைக்கு முன்பே தானாக வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டால் அளவு ஏறித் தெரியும், உண்மை மறைந்துவிடும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் போட்டாலும் ரத்தசோகை சரியானது போலத் தோன்றும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். பி12 குறைவால் வரும் ரத்தசோகை எச்பிஏ1சி எண்ணையே உள்ளதைவிட ஏற்றிக் காட்டக்கூடும். மீட்டர் ஒன்று சொல்லி எச்பிஏ1சி வேறொன்று சொன்னால், மருந்தை ஏற்றும் முன் ரத்தசோகை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சில சிறிய விஷயங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை நெருங்கியிருந்தால் விட்டுவிட வேண்டும்; இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. லாக்டிக் அமிலத்தை உடம்பு அப்புறப்படுத்துவதை மது தடுக்கும். வெறும் வயிற்றில் அதிகமாகக் குடிப்பது மெட்ஃபார்மினோடு மிக ஆபத்தான சேர்க்கை. சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு மெட்ஃபார்மின் தொடங்கியபின் கருமுட்டை வெளிவருவது சீராகலாம். 'நமக்கெல்லாம் கரு தங்காது' என்று அசட்டையாக இருக்க வேண்டாம். எச்ஐவிக்கு டொலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு மெட்ஃபார்மின் ரத்தத்தில் அதிகம் சேரும். இரண்டையும் எழுதும் மருத்துவர்கள் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வேண்டும், அளவு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சர்க்கரையை வேரோடு போக்கும் என்று பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பொடிகளைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில், கிளிமெபிரைடு போலவே சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்தைக் கலந்து விற்றுப் பிடிபட்டிருக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் அம்மாவுக்கு நடந்ததுதான் நடக்கும், காரணம் தெரியாமல்.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு அட்டை இருக்கிறது, கைப்பையிலும் கைபேசியிலும். மருந்துப் பெயர், வணிகப் பெயர், அளவு, எந்த வேளை, கடைசி இஜிஎஃப்ஆர் எண், அது எடுத்த தேதி, ஒவ்வாமை, வாந்தி பேதி வந்தால் எவற்றை நிறுத்த வேண்டும் என்ற வரி, மருத்துவரின் தொலைபேசி எண். பல் மருத்துவரிடம் போனாலும் கண் மருத்துவரிடம் போனாலும் எடுத்து நீட்டுகிறேன். சர்க்கரை மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்வி கேட்கிறேன்: இந்த எண்ணுக்கு இந்த அளவு இன்னும் சரியா, பி12 பார்த்து எவ்வளவு காலமாயிற்று, இதில் எதையாவது குறைக்கவோ எடுக்கவோ முடியுமா. மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். அம்மாவின் பட்டியலிலிருந்து இரண்டு மாத்திரைகள் அந்தக் கேள்வியால்தான் போயின.